எதிராளியை வரைந்த கை

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வந்துபோகும் வாசகர்களுள் சிலர் இன்றைய விடயத்தைக் கண்டு புருவத்தை உயர்த்தக்கூடும். தேர்தல், அரசியலமைப்பு, பத்திரிகைச் சுதந்திரம் என்று எழுதிக்கொண்டிருந்தவருக்கு வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுகின்ற வயதா இது என்று கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும், நான் எழுதப்போவது இரண்டு போட்டி நிறுவனங்களைப் பற்றி. அவற்றுள் ஒன்று மற்றதைக் கேலி செய்ததைப் பற்றி. அந்தக் கேலிக்கு ஆளானவர்கள் அளித்த பதிலைப் பற்றி. இவை எவையும் ஒரு பத்திரிகைக்காரனுக்கு அந்நியமான சங்கதிகள் அல்ல.

விளையாட்டின் பெயர் 'எஸ்.என்.கே. வேர்சஸ் கெப்கொம்: த மெட்ச் ஒஃப் த மில்லேனியம்'. ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் 'நியோ ஜியோ பொக்கெட் கலர்' என்ற தனது கையடக்க விளையாட்டுக் கருவிக்காக 1999ஆம் ஆண்டில் உருவாக்கியது. தன்னுடைய சண்டை விளையாட்டுகளின் வீரர்களையும், தனது பரம எதிரியாகக் கருதப்பட்ட கெப்கொம் நிறுவனத்தின் வீரர்களையும் ஒரே களத்தில் இறக்கியது. மொத்தம் 26 வீரர்கள். கெப்கொம் அதற்கு முன்னரும் வேறு நிறுவனத்தாரோடு கைகோர்த்ததுண்டு. அமெரிக்காவின் மார்வல் நிறுவனத்துச் சித்திரக்கதை நாயகர்களைத் தனது வீரர்களோடு 1996இலேயே மோதவிட்டிருந்தது. ஆனால் மார்வல், கெப்கொமின் சந்தையில் கடைவிரித்த போட்டியாளர் அல்ல. எஸ்.என்.கே. அப்படிப்பட்டதல்ல. ஒரே ஊரில், ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்திருப்பவர்கள் ஒரே பந்தியில் அமர்வதைப் போன்றது அது.

இந்த விளையாட்டு 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக மீண்டும் வெளியிடப்பட்டது. அண்மையில் சில வாரங்களாக ஓய்வு கிடைக்கும் மாலை வேளைகளில் அதனை நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். விரல்கள் முன்போல வளைந்து கொடுப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. இருந்தாலும், இதற்குள் இருக்கும் ஒரு சங்கதி என்னை விடவில்லை.

முதலில் இந்தக் கருவி எனக்கு அறிமுகமான கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அந்த ஆண்டு ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவில் இருந்து என் தங்கை குடும்பத்தோடு வந்திறங்கினாள். அவளுடைய மகனுக்கு அப்போது வயது 11. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் பிடித்துப் புறப்பட்டோம். ஓமந்தையில் வரிசை நகரவில்லை. பெரியவர்கள் இறங்கி நிழல் தேடினார்கள். பையன் மட்டும் வானின் யன்னலோரத்தில் சாய்ந்தபடி, கையில் ஏதோவொன்றை வைத்து 'டிக், டிக்' என்று ஓசையெழுப்பிக்கொண்டிருந்தான்.

எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையில் பாதியைக்கூட நிரப்பாத சதுரத் திரை. அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் 152 புள்ளிகள். திரைக்குப் பின்னால் ஒளி கிடையாது. ஆகவே வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பிடிக்கவேண்டும். விரல் நுனியளவில் ஒரு குமிழ். அதனை அசைக்குந்தோறும் அந்த 'டிக்' ஓசை. வலப்புறத்தில் ஆடுவதற்கு இரண்டே பொத்தான்கள். அவன் அதனைக் கனடாவில் கழிவு விலைக்கு வாங்கியதாகச் சொன்னான். ஏன் கழிவு விலை என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

"பற்றரி போகாதா தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு பற்றரி மாமா. நாப்பது மணித்தியாலம் நிக்கும்" என்றான்.

ஓமந்தையில் நின்றுகொண்டு பற்றரியைப் பற்றி அவ்வளவு சாதாரணமாகப் பேசமுடிந்ததே எனக்கு விநோதமாக இருந்தது. 1990களில் வடக்குக்கு எடுத்துச்செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்ததை அறிந்தவர்களுக்கு அந்த விநோதம் விளங்கும். பையனுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. அவன் தன் பாட்டில் விளக்கிக்கொண்டு போனான். செம்மஞ்சள் உடுப்பு அணிந்த ஒரு வீரனை எனக்கென்று தெரிவு செய்துவிட்டு, தனக்கு இளஞ்சிவப்பு உடுப்பு அணிந்த ஒருவனைக் காட்டினான்.

"இவனைத்தான் நான் எப்பவும் எடுக்கிறனான். இவனுக்கு ஒண்டும் சரியா வராது. உங்கட ஆளைப் பகிடி பண்ணத்தான் இவனைச் செய்தவை."

பதினொரு வயதுப் பையன் சொன்ன அந்தக் கடைசி வசனத்தின் பின்னணியைப் பிற்பாடுதான் தேடி வாசித்தேன். அதனை இங்கே சொல்ல வேண்டும்.

கெப்கொம், எஸ்.என்.கே. இரண்டுமே ஒசாகாவைச் சேர்ந்தவை. எஸ்.என்.கே.யை எய்கிச்சி கவாசாகி என்பவர் 1978இல் தொடங்கினார். கெப்கொம் 1983இல் கென்சோ சுஜிமோட்டோவின் தலைமையில் எழுந்தது. 1987இல் கெப்கொம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. வெள்ளைக் கராத்தே உடுப்பும் சிவப்புத் தலைப்பட்டியும் கொண்ட ரியூ என்ற வீரன் பிறந்தது இக்காலத்திலேதான். அதனை இயக்கியவர் தகாஷி நிஷியாமா. திட்டமிட்டவர் ஹிரோஷி மட்சுமோட்டோ. சிறிது காலத்தில் இருவரும் கெப்கொமை விட்டு வெளியேறி எஸ்.என்.கே.யில் சேர்ந்துகொண்டார்கள்.

அங்கே அவர்கள் உருவாக்கியது 1991இல் வந்த 'ஃபேட்டல் ஃப்யூரி'. சிவப்புத் தொப்பி அணிந்த டெரி போகார்ட் அதன் நாயகன். அடுத்த ஆண்டு 'ஆர்ட் ஒஃப் ஃபைட்டிங்' வந்தது. அதன் நாயகன் ரியோ சகாசாகி, செம்மஞ்சள் கராத்தே உடுப்பு அணிந்தவன். ரியூ, ரியோ என்று பெயர்களைச் சேர்த்து உச்சரித்துப் பாருங்கள். இருவரும் கராத்தே வீரர்கள். இருவரும் கையிலிருந்து சக்தியை உருட்டி எறிபவர்கள். அதேவேளை, கெப்கொமில் எஞ்சியிருந்தவர்கள் 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டை வெளியிட்டார்கள். அது உலகத்தையே புரட்டிப்போட்டது. ஆக, ஒரே மனிதரின் கற்பனையில் இருந்து கிளைத்த இரண்டு பரம்பரைகள் ஒசாகாவின் இரண்டு வீடுகளில் வளர்ந்தன. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது பகை. உள்ளே சென்று பார்த்தால் பங்காளிச் சண்டை.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு நிறுவனம் என்ன செய்யும்? வழக்குப் போடும். டேட்டா ஈஸ்ட் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் 1993இல் 'ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி' என்ற விளையாட்டை வெளியிட்டபோது கெப்கொம் அதைத்தான் செய்தது. தனது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'ஐ அவர்கள் நகல் எடுத்துவிட்டார்கள் என்று அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றது. கெப்கொம் கேட்ட தடையுத்தரவை 1994இல் அந்நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொதுவான சண்டை அசைவுகளுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

எஸ்.என்.கே.க்கோ கெப்கொம் வேறுவிதமாகப் பதில் சொன்னது. 1995இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் அல்ஃபா' விளையாட்டில் டான் ஹிபிகி என்ற புதிய வீரன் ஒருவன் நுழைந்தான். உடுப்பு, ரியோ சகாசாகியின் உடுப்பைப் போன்றது; ஆனால் நிறம் இளஞ்சிவப்பு. முகமும் குடுமியும் ரியோவின் தோழன் ரொபேட் கார்சியாவைப் போன்றவை. அவன் எறிகின்ற சக்தி, கையை விட்டு ஒரு சாண் போகுமுன்பே கரைந்துவிடும். 'ஆர்ட் ஒஃப் ஃபைட்டிங்' விளையாட்டில் எதிரியைச் சீண்டி அவனது சக்தியைக் குறைக்கின்ற ஓர் உத்தி இருந்தது. டானுக்கு அந்தச் சீண்டலே முழுநேரத் தொழில். சண்டையில் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவன் பெருவிரலை உயர்த்திப் பெருமை பேசுவான். 'உங்கள் வீரன் எங்கள் வீரனின் மலிவுப் பதிப்பு' என்பதை ஒரு வரி எழுதாமல், ஒரு வழக்குப் போடாமல், கெப்கொம் சொல்லிவிட்டது.

இந்தக் கட்டத்தில் என் தொழிலுக்குள் சற்று நுழைந்து வெளியே வர வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

1980களின் பிற்பகுதியில் நான் கொழும்பில் ஒரு நாளேட்டில் வாராந்த அரசியல் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அந்நாள்களில் என்னுடைய வசனங்கள் நீளமானவை. ஒரு பந்தியில் ஒரே வசனம் என்பது வழமை. போட்டிப் பத்திரிகையில் ஞாயிறுதோறும் நகைச்சுவைப் பத்தி எழுதிய ஒருவர் இருந்தார். திடீரென்று ஒரு ஞாயிறன்று அவருடைய பத்தியில் 'முற்றுப்புள்ளி முத்தையா' என்ற பாத்திரம் தோன்றியது. தேநீர்க் கடையில் அமர்ந்து நாட்டு நடப்பை விளக்கத் தொடங்குவார் முத்தையா. 'எனினும்', 'ஆயினும்', 'இந்நிலையில்' என்று வசனம் நீண்டுகொண்டே போகும். தேநீர் ஆறும். கடை பூட்டப்படும். கடைசி பஸ்ஸும் போய்விடும். வசனம் மட்டும் முடியாது. யார் அந்த முத்தையா என்று கொழும்புப் பத்திரிகை உலகில் எவருக்கும் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் ஆரம்பத்தில் எங்கள் பத்திரிகையிலேயே ஒப்புநோக்காளராக இருந்தவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரவு 11 மணிக்கு என் பத்தியின் அச்சுப்படியை ஈரம் காயுமுன்பே வாசித்து, எழுத்துப்பிழை திருத்தியவர் அவர். என் வசனம் எங்கே மூச்சு வாங்கும், எங்கே இடறும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்த ஒரே மனிதர். பின்னர் கூடிய சம்பளத்துக்குப் போட்டிப் பத்திரிகைக்குப் போனார். அவர் உருவாக்கிய முத்தையா அவ்வளவு கச்சிதமாக இருந்ததற்கு அதுவே காரணம். ஒருவரை வெறுப்பதற்கு அவரை வாசிக்க வேண்டியதில்லை. கேலி செய்வதற்கு வரிவரியாக வாசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஆசிரியபீடத்தில் சிலர் கொதித்தார்கள். பதிலுக்கு ஒரு பாத்திரத்தை உருவாக்கி அவரைத் தாக்கவேண்டும் என்றார்கள். நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தையாவைக் கத்தரித்து ஒரு கோப்பில் ஒட்டி வைத்தேன். நாளடைவில் என் வசனங்கள் சிறுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி விளையாட்டுக்குத் திரும்புவோம்.

1999இல் இரண்டு நிறுவனங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒருவர் மற்றவருடைய வீரர்களைத் தமது விளையாட்டுகளில் பயன்படுத்திக்கொள்ளலாம். அதன் முதற் பலன்கள் வந்தது கடைகளில் நிற்கும் பெரிய ஆட்டப் பெட்டிகளில் அல்ல, எஸ்.என்.கே.யின் இந்தச் சின்னஞ்சிறு கருவியில்தான். கெப்கொம் தன் பங்குக்கு உருவாக்கிய 'கெப்கொம் வேர்சஸ் எஸ்.என்.கே.' 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஆகவே, உலகம் காத்திருந்த அந்தச் சந்திப்பு 24,320 புள்ளிகளுக்குள் நிகழ்ந்தது.

இப்போது ஆடிப் பார்க்கும்போது என்னை வியக்க வைப்பது அந்தச் சிக்கனம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' பெட்டியில் அடிப்பதற்கு ஆறு பொத்தான்கள் உண்டு. இங்கே இரண்டே இரண்டு. ஒன்று கைக்கு, மற்றது காலுக்கு. மெல்லத் தட்டினால் மெல்லிய அடி. சற்று அழுத்திப் பிடித்தால் பலத்த அடி. அவ்வளவுதான். பெரிய தலையும் சிறிய உடலுமாகப் பொம்மைகளைப்போல வீரர்கள் வரையப்பட்டிருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வொருவரும் நிற்கும் நிலையிலேயே அவர் யார் என்பது தெரிந்துவிடும். தனியாகவும் ஆடலாம். இருவரை இணைத்து, ஒருவர் களைக்கும்போது மற்றவரை இறக்கியும் ஆடலாம். மூவர் கொண்ட அணியாகவும் மோதலாம். சக்தியைச் சேர்த்துச் செலவிடுவதற்கு மூன்று வழிமுறைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் 18 வீரர்கள்தான் தெரிவர். ஏனைய எண்மரையும் ஆடி ஆடித்தான் வெளிக்கொணர வேண்டும்.

இவற்றைத் தவிர 'ஒலிம்பிக்' என்றொரு பகுதியும் உண்டு. எந்த நிறுவனத்தின் பக்கம் நிற்கிறீர்கள் என்று அங்கே கேட்கப்படும். ஒரு பக்கத்தைத் தெரிந்துகொண்டு, அதற்காகப் புள்ளிகளைத் திரட்ட வேண்டும். கெப்கொமின் பழைய பேய் விளையாட்டில் வரும் கவச வீரன் ஆர்தர் குழிகளைத் தாண்டிக் குதிப்பது ஒரு போட்டி. எஸ்.என்.கே.யின் 'மெட்டல் ஸ்லக்' தொடரில் வரும் செவ்வாய்க் கிரகவாசிகளைச் சுட்டு வீழ்த்துவது இன்னொன்று. விருந்துக்கு அழைத்தவர்கள் விருந்தாளி வீட்டுப் பண்டத்தையும் சமைத்து வைத்திருந்தார்கள்.

நான் சொல்லவந்த சங்கதி இதற்குள்தான் இருக்கிறது. இந்த விளையாட்டை உருவாக்கியது எஸ்.என்.கே. ஆகவே கெப்கொமின் வீரர்கள் அனைவரையும் புள்ளிபுள்ளியாக வரைந்தவர்கள் எஸ்.என்.கே.யின் ஓவியர்கள். கெப்கொமின் பட்டியலில் எவரைச் சேர்ப்பது, எவரை விடுவது என்ற நெருக்கடி எப்போதும் உண்டு, இடம் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில், தொடக்கத்திலேயே தெரிகின்ற 18 பேருள் ஒருவனாக, டான் ஹிபிகி நிற்கிறான்.

தங்களைக் கேலி செய்வதற்கென்றே எதிராளி படைத்த பாத்திரத்தை அவர்கள் தங்கள் கையால் வரைந்தார்கள். அதுவும் எப்படி? பழிவாங்கும் கையால் வரையவில்லை. அவனை இன்னும் கேவலப்படுத்தவும் இல்லை. நல்லவனாக்கி நகைச்சுவையைப் பறித்துவிடவும் இல்லை. அவனுடைய சக்தி இங்கேயும் கையைத் தாண்டியதும் கரைகிறது. அவனுடைய இளஞ்சிவப்பு உடுப்பின் மடிப்புக்கூட, இருக்கிற சில நிறங்களுக்குள் கவனமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கெப்கொம் சொன்ன பகிடியை, அதன் வேகமும் அளவும் குன்றாமல், பகிடிக்கு ஆளானவர்களே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் ரியோ சகாசாகி நிற்கிறான். விரும்பினால் இருவரையும் மோதவிடலாம். விரும்பினால் ஒரே அணியில் சேர்க்கலாம்.

இதனைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்தச் சொல் போதுமானதாகப் படவில்லை. பெருந்தன்மை மேலிருந்து கீழே இறங்குவது. இது அப்படியல்ல. 'நீ எங்களை எவ்வளவு கூர்ந்து பார்த்தாய் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்களும் உன்னை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறோம்' என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொல்வது இது. வியாபாரிகளின் உடன்படிக்கையில் இதற்கான வாசகம் இராது. வரைபவரின் கையில் மட்டுமே இருக்கும்.

முத்தையாவைப் படைத்தவர் 2011இல் காலமானார். அப்போது அவர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அவருக்கு நினைவுக் குறிப்பு எழுதுமாறு எங்கள் ஆசிரியர் என்னைக் கேட்டார். வாழ்க்கைக் குறிப்பை எழுதிவிட்டேன். ஊர், படிப்பு, பணியாற்றிய பத்திரிகைகள், மனைவி, பிள்ளைகள் எல்லாம் சரியாக இருந்தன. மனிதர் மட்டும் அதில் இருக்கவில்லை. இரவு கோப்பை எடுத்து முத்தையாவை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தேன். பின்னர் முதற் பந்தியைக் கிழித்துவிட்டு, முத்தையாவின் குரலிலேயே, தேநீர் ஆற, கடை பூட்ட, கடைசி பஸ்ஸும் போக, ஒரே வசனமாக எழுதினேன். இறுதியில் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒப்புநோக்குபவர் அதைப் பிழையென்று எண்ணிப் புள்ளி வைத்துவிடாதபடி பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த நாள் அவருடைய மனைவி தொலைபேசியில் பேசினார். "அவர் இருந்திருந்தால் ஒரு புள்ளியை வைச்சு உங்களுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார், தம்பி" என்றார். அழுதாரா, சிரித்தாரா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

போட்டியாளன் இல்லாமற்போவதன் துயரம் விசித்திரமானது. ஒசாகாவில் நடந்ததும் அதுதான். நியோ ஜியோ பொக்கெட் கலர் 1999 மார்ச்சில் ஜப்பானிலும் அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. எதிரே நிண்டெண்டோவின் கேம் போய் கலர் நின்றது. பொக்கிமொன் காய்ச்சல் உச்சத்தில் இருந்த காலம் அது. நல்ல கருவி என்பதால் மட்டும் எவரும் அதன் எதிரே நின்றுவிட முடியாது. 2000 ஜனவரியில் சூதாட்டப் பொறிகள் தயாரிக்கும் ஆருஸ் நிறுவனத்தின் கைக்கு எஸ்.என்.கே. சென்றது. ஜூன் மாதத்தில் இந்தக் கருவி மேற்குலகச் சந்தையில் இருந்து திரும்பப் பெறப்பட்டது. என் மருமகன் அதனைக் கழிவு விலைக்கு வாங்கியதன் காரணம் இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். எஸ்.என்.கே. 2001 ஏப்ரலில் கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது, ஒக்டோபரில் முறிவடைந்தது. 'எதிர்காலம் இப்போதே' என்பதுதான் அந்த நிறுவனத்தின் சுலோகம்.

அந்த ஒக்டோபருக்கு இரண்டு மாதம் முன்னதாக, ஓகஸ்டில், 'கெப்கொம் வேர்சஸ் எஸ்.என்.கே. 2' வெளிவந்தது. ஒரு வீடு இடிந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பிள்ளைகளை அடுத்த வீட்டு ஓவியர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். அதில் டெரி போகார்டின் தொப்பியும், மாய் ஷிரானுயின் விசிறியும், ரியோவின் செம்மஞ்சளும் எவ்வளவு அக்கறையோடு தீட்டப்பட்டிருக்கின்றன என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். கடன் திருப்பிச் செலுத்தப்பட்டுவிட்டது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

நிறுவனர் கவாசாகி 2001 ஓகஸ்டில் தொடங்கியிருந்த பிளேமோர் என்ற நிறுவனம் பழைய பெயர்களையும் உரிமைகளையும் வாங்கி மீட்டது. எஸ்.என்.கே. அந்த வழியில் மறுபிறவி எடுத்து, இன்று சவூதி அரேபியாவின் மிஸ்க் அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருக்கிறது. நிஷியாமாவின் கதை இன்னும் சுவையானது. எஸ்.என்.கே.யை விட்டு விலகி அவர் 2000இல் டிம்ப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2008இல் கெப்கொம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' விளையாட்டை வெளியிட்டபோது அதனை இணைந்து உருவாக்கியது அதே டிம்ப்ஸ். இருபது ஆண்டுகள் கழித்து, தான் விட்டுச் சென்ற பிள்ளையின் கையைத் தகப்பன் மீண்டும் பிடித்துக்கொண்டார்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' விளையாட்டில் 2024 செப்டெம்பரில் டெரி போகார்டும் 2025 பெப்ரவரியில் மாய் ஷிரானுயும் வந்து சேர்ந்தார்கள். 2025 ஏப்ரலில் எஸ்.என்.கே. வெளியிட்ட 'ஃபேட்டல் ஃப்யூரி: சிட்டி ஒஃப் த வூல்வ்ஸ்' விளையாட்டுக்குப் பின்னர் கெப்கொமின் கென் போனான். இக்காலப் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். எந்த விளையாட்டில் எவர் வந்தாலும் அவர்கள் திகைப்பதில்லை. விருந்தாளி வீரர்கள் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் பண்டமாகிவிட்டார்கள். அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், வருவதற்குச் சிரமமிருந்த காலத்தில் வந்த விருந்தாளிக்கு இருந்த மதிப்பை இவர்களுக்கு விளக்குவது கடினம்.

ஓமந்தையில் அன்று யன்னலோரம் இருந்த பையனுக்கு இன்று 8 வயதில் ஒரு மகள். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஸ்விட்ச் கருவியை மேசையில் நிறுத்தி, இரு பக்கமும் உள்ள பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஆடினோம். முன்பு இருவர் ஆட இரண்டு கருவியும் அவற்றை இணைக்கும் வயரும் வேண்டும். இப்போது ஒன்றே போதும். தோற்கின்ற நேரத்தில் ஆட்டத்தைச் சில கணங்கள் பின்னோக்கி ஓட்டித் திருத்திக்கொள்ளும் வசதியும் வைத்திருக்கிறார்கள். பத்திரிகை அச்சான பிறகு அப்படியொரு வசதி எங்களுக்கு இருந்ததில்லை.

நான் வழமைபோல ரியோவை எடுத்தேன். அவள் எதையும் அறியாமல், உடுப்பின் நிறம் பிடித்ததால், டானை எடுத்தாள். மூன்று ஆட்டங்களில் இரண்டில் என்னை வீழ்த்தினாள். சக்தி ஒரு சாண் போய்க் கரைந்ததைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தாத்தா, இவனை ஆர் கீறினது?" என்று கேட்டாள்.

"என்ர ஆளைக் கீறின ஆக்கள்தான், பிள்ளை" என்றேன்.

அவளுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவனையே மீண்டும் தெரிவு செய்துகொண்டிருந்தாள்.